மூக்கு நிழல்

இன்றைக்கும் மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கு நிழலைத்தான் முதலில் பார்க்கிறேன். ஜன்னல் அவருக்கு இடப்பக்கம் இருந்தால் நிழல் வலக் கன்னத்தில் சாய்ந்து கிடக்கும். வண்டி வளைவில் திரும்பும்போது அதுவும் மெல்ல ஊர்ந்து இடம் மாறும். மேல்விளக்குக்கு நேர்கீழே நிற்பவருக்கு மீசைபோல உதட்டில் இறங்கியிருக்கும். தாதரில் ஏறி சயான் வருவதற்குள் ஐந்தாறு மூக்குகள் பார்த்துவிடுவேன். பார்த்து என்ன செய்யப்போகிறேன்? ஒன்றுமில்லை. மைனியிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். வயது ஐம்பதைத் தொட்டும் உதிரவில்லை.

மைனி என் அண்ணன் மனைவி அல்ல. தாராவியில் எங்கள் சந்தில் எதிர்வீடு. அவள் புருஷனை நான் அண்ணே என்று கூப்பிட்டதால் அவள் மைனி ஆனாள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு முறை வைக்காமல் யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கத் தெரியாது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தாதரில் ஒரு துணிக்கடையில் வேலை. மைனிக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே இருப்பவரின் நாடியைப் பிடித்துத் திருப்பிவிடுவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் வரும், முகவாயைத் தொடும், வாசல் பக்கமாகத் திருப்பும். "மொகத்தக் குடு" என்பாள். சின்னவர்கள் பெரியவர்கள் என்ற வித்தியாசம் கிடையாது. தயிர்க்காரியைத் திருப்பியிருக்கிறாள். தபால்காரரைத் திருப்பியிருக்கிறாள். அவர் மராத்திக்காரர், பதறி இரண்டடி பின்வாங்கி, "க்யா ஹுவா பாயீ?" என்ன ஆச்சம்மா என்று கேட்டார். "ஒண்ணுமில்ல பையா, நெழலு ஒதட்டுல விழுது" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு மைனி கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

ஒருமுறை சந்துக்கோடியில் ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மைனி மாப்பிள்ளையையே பார்க்கிறாள். காப்பி கொடுக்கிற சாக்கில் எழுந்து போனவள், "ஐயா, கொஞ்சம் இப்படித் திரும்பி இருங்க, ஒங்க மொகமே தெரியல" என்றாள்.

மாப்பிள்ளையின் அத்தைக்குச் சுருக்கென்றது. "பொண்ணு பாக்க வந்தது நாங்களா, நீங்களா?"

"ரெண்டு பேரும் பாக்கட்டுமே அத்த. வெளிச்சம் ஓசிதான?"

வீடு சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே திரும்பினார். மைனி மட்டும் சிரிக்கவில்லை. வந்தவர்கள் போனதும் பெண்ணின் அம்மாவிடம், "கண்ணுல வெள்ள இருக்கிற எடம் மஞ்சளா இருக்கு. மொதல்ல டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க" என்றாள். மஞ்சள் காமாலைதான். மருந்து கொடுத்துக் குணமான பிறகு அதே மாப்பிள்ளைக்கே கல்யாணம் நடந்தது. ஆனால் அதற்கப்புறம் எங்கள் சந்தில் மைனி உள்ளே வந்தால் சிலர் பேச்சோடு பேச்சாக எழுந்து இருட்டுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். நானும் நகர்ந்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற ஆளோடு ஒரு சின்ன அறையில் இருப்பது சங்கடம்தான்.

இந்தக் கண் அவளுக்குக் கேமராவிலிருந்து வரவில்லை. தோலிலிருந்து வந்தது.

எங்கள் சந்துக்குப் பின்னால் தோல் பதனிடும் ஷெட்டுகள். கொடியில் துணி காய்வதுபோலத் தோல்கள் காய்ந்துகொண்டிருக்கும். சுண்ணாம்பும் கடுக்காயும் கலந்த அந்த வாசனை எங்கள் சோற்றில் இருந்தது, தலையணையில் இருந்தது, நான் எழுதிய காகிதங்களிலும் இருந்தது. மைனி வீட்டிலிருந்தே மணிபர்ஸ் ஒட்டிக் கொடுப்பாள். வெட்டின தோல் துண்டுகள் கட்டுக்கட்டாக வரும். ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் வாசலில் நின்று சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். மாட்டை முள் கீறியிருக்கும், உண்ணி கடித்திருக்கும். அந்தத் துண்டுகள் தனியே போகவேண்டும்.

"நேரா வச்சுப் பாத்தா எல்லாத் தோலும் நல்ல தோலுதான் தம்பி," என்பாள். "சாய்ச்சாத்தான் கீறலு தெரியும்."

கேமரா என்னுடையது. சோர் பஜாரில், பழைய சாமான் கடையில் வாங்கிய பாக்ஸ் கேமரா. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. பாதியைப் பூச்சி தின்றிருந்தது, மீதியை நான் வேதம்போல மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். காக்கையை எடுத்தேன், ரயில் பாலத்தை எடுத்தேன், மழை நின்ற சாக்கடையில் மிதந்த வானத்தை எடுத்தேன். எதுவும் சரியாக வரவில்லை. எனக்கு எதிலும் அரை மணிக்குமேல் நிலைத்து நிற்கிற குணம் கிடையாது. வெளிச்சம் என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதைப் படிக்கவேண்டும் என்பதே அப்போது எனக்குத் தோன்றவில்லை. மைனி அதுவரை கேமராவைக் கையால் தொட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில்தான் பாடம் தொடங்கினோம். தொடங்கவைத்தது அண்ணனின் கார்டு.

அண்ணன் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் ஆள். நாலு வருஷமாக அப்படியே இருந்தார். அந்த வருஷம் சிலரை நிரந்தரமாக்கப் போவதாக அறிவித்தார்கள். பட்டியலில் அண்ணன் பெயர் இருந்தது. கேட் கார்டுக்குப் போட்டோ கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். கொடுத்த கெடுவுக்குள் கார்டு போடாதவன் பெயர் பட்டியலில் இருக்காது.

அண்ணன் நல்ல கறுப்பு. சின்ன வயதில் அம்மை வார்த்து முகம் முழுக்கத் தழும்பு. மெயின் ரோட்டு ஸ்டுடியோவில் முதல் படம் எடுத்தார். பின்னால் வெள்ளைத் திரை, அதன்முன் சட்டை மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது. சட்டைக்கு மேலே கறுப்பாக ஒரு வட்டம். கேட் ஆபீஸ் குமாஸ்தா அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டான்.

அடுத்தது மாதுங்காவில் பெரிய ஸ்டுடியோ. அங்கே பவுடர் அப்பி, மூன்று விளக்கு போட்டு, நெகடிவில் பென்சிலால் ஒத்தி ஒத்தித் தழும்பையெல்லாம் அழித்துக் கொடுத்தார்கள். படத்தில் இருந்தவன் வழுவழுவென்று சிவப்பாக, பாதாம் பருப்பு உரித்ததுபோல இருந்தான். அண்ணன் அதைச் சந்து முழுக்கக் காட்டினார். குமாஸ்தாவிடம் கொண்டுபோனபோது அவன் படத்தையும் அண்ணனையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "யே கோன்? தேரா சோட்டா பாய்?" என்றான். உன் தம்பியா என்று கேட்டதற்கு வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்களாம். "அவனையே வேலைக்கு அனுப்பு" என்றும் சொன்னானாம். கெடு முடியப் பத்து நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் மைனி என் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு தோல் துண்டு, அது எப்போதும் இருக்கும்.

"தம்பி, ஒங்க பொட்டில மனுசன் விழுவானா, காக்கா மட்டுந்தானா?"

ஒரு ரோலில் எட்டுப் படம். நான் புத்தகம் சொன்னபடி செய்தேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால், அண்ணன் எனக்கு எதிரே. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ அடிக்க வருவதைப்போல நின்றார். உச்சி வெயிலில் ஒன்று எடுத்தேன். கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. அடுத்து, போட்டோ என்றால் பின்னால் வெள்ளை வேண்டுமென்று அண்ணன் நீலம் போட்டு வெளுத்த தன் கல்யாண வேட்டியைக் கொண்டுவந்து வெயிலில் கட்டினார். கூரை நிழலில் அவர் நின்றார். வேட்டி மாதா கோவில் சுவர்போலப் பளீரென்று விழுந்தது. முன்னால் பழையபடி சட்டையும் வட்டமும். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் வேட்டியின் வெளுப்பைக் காட்டுவதற்காக மனிதனைப் பலி கொடுத்திருக்கமாட்டார்கள்.

கடைசிப் படம் மைனி சொல்லி எடுத்தது. விடியற்காலை வெயில் சந்துக்குள் படுத்துக்கொண்டு வரும் நேரம். அண்ணனைப் பக்கவாட்டில் நிறுத்தி, நாடியைப் பிடித்துத் திருப்பினாள். "இப்பம் எடுங்க."

தாதர் கடையில் கழுவி வாங்கிவந்தேன். மைனி அந்தக் கடைசிப் படத்தை மட்டும் தனியே எடுத்து வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துபோனது. "இந்தா பாருங்க! எல்லாம் தெரியுது!"

எல்லாம்தான் தெரிந்தது. ஒவ்வொரு தழும்பும் ஒரு கிண்ணம். கிண்ணத்துக்கு ஒரு பக்கம் நிழல், மறு பக்கம் வெளிச்ச விளிம்பு. மழைக்குப்பின் கோழி கொத்திய சேற்றுத்தரைபோல இருந்தது கன்னம்.

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படத்தைக் குப்புறப் போட்டார்.

"ஏளா, இதக் கொண்டு போயி நான் குடுக்கணுமா? இவன் மூஞ்சி இப்படின்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?"

"ஒங்க மொகந்தான?"

"என் மொகந்தான். எனக்குத் தெரியாதா? எட்டு வயசுலருந்து சொமக்கேன்." சட்டைப்பையிலிருந்து மாதுங்கா படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "நான் காண்டிராக்டுலயே கெடந்துட்டுப் போறேன். ஒனக்கு என்ன வந்துச்சி?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அவள் பர்ஸ் ஒட்டுவதை எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை எடுக்கிறாள், வாசல் வெளிச்சத்தில் சாய்க்கிறாள், கீறல் இருக்கிறது, தனியே போடுகிறாள். அடுத்தது. அடுத்தது. ஐந்தாவதோ ஆறாவதோ எடுத்தபோது கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்தாள். பிறகு எழுந்து சந்தைக் கடந்து என்னிடம் வந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன் தம்பி," என்றாள். "கீறலு தேடுத வெளிச்சத்துல அவர நிப்பாட்டிட்டேன்."

என் புத்தகத்தில் அதற்குப் பாடம் இல்லை.

அடுத்த இரண்டு நாள் அவள் படம் எடுக்கச் சொல்லவில்லை. முகங்களைப் பார்த்தாள். காலையில் தண்ணீர் வரிசையில், மத்தியானம் கூரை ஓரத்தில், சாயங்காலம் வீட்டுக்குள். எதிர்ப்பட்டவர் நாடியையெல்லாம் பிடித்துத் திருப்புகிற அந்தப் பழக்கம் அவளுக்கு வந்தது அந்த இரண்டு நாளில்தான். நான் கடைக்குக் கிளம்பும்போது நாடியைப் பிடித்து நிறுத்துவாள். "மூக்கு நெழலப் பாருங்க தம்பி. அது எந்தப் பக்கம் விழுதோ அதுக்கு எதிர்த்தாப்புல வெளக்கு. கறுப்பா விழுந்தா வெயிலு. மங்கலா விழுந்தா வானம். ஒதட்டத் தொட்டா ஆகாது, மனுசன் சோகமாயிருதான்." என் மூக்கை நான் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். "அப்பம் என் மூக்கப் பாருங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இருந்தார். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார், படிக்கவில்லை. மைனி வாசலுக்கு உட்புறம், வெயில் எட்டாத இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தானே உட்கார்ந்தாள். பக்கத்தில் வாசல். வாசலுக்கு வெளியே வெயில், உள்ளே வானத்தின் வெளிச்சம் மட்டும்.

"வெயிலு வெளிய நிக்கட்டும்," என்றாள். "வெளிச்சம் மட்டும் உள்ள வரட்டும்."

பிறகு அண்ணனைப் பார்த்து, "ஏங்க, அந்த அலுமினியத் தட்ட எடுத்து எனக்கு இந்தப் பக்கம் புடிங்க. கை ஒழியல" என்றாள். அவள் கை மடியில் சும்மாதான் இருந்தது.

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். தட்டைப் பிடித்தார். வாசல் வெளிச்சம் தட்டில் பட்டுத் திரும்பி மைனியின் இருண்ட கன்னத்தில் ஏறியது. அவர் தட்டை இறக்கினார், இருட்டு வந்தது. உயர்த்தினார், இருட்டு இளகியது. மறுபடி இறக்கினார். மறுபடி உயர்த்தினார். முகம் மாறவில்லை, மூக்கு மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"இவ்வளவு வேண்டாம்," என்று அவரே சொன்னார். "கொஞ்சம் தாழ்த்துனா நல்லாருக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பாக்க முடியாதுல்லா. நீங்க உக்காருங்க, நான் புடிக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உட்கார்ந்தார்.

பின்னால் என்ன கட்டுவது? வெள்ளை கூடாது. இருட்டும் கூடாது. மைனி பின்பக்கத்து ஷெட்டிலிருந்து காய்ந்த தோல் ஒன்றை இரவல் வாங்கிவந்து, சதைப்புறம் தெரிகிறமாதிரி கயிற்றில் போட்டாள். சாம்பல் நிறம். அண்ணனின் முகம் அதிலிருந்து பிரிந்து தெரிந்தது.

"நாத்தம் போட்டோல விழாதுல்லா?" என்றார் அண்ணன். மூன்று நாளுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

அவர் பழக்கதோஷத்தில் பவுடர் பூசியிருந்தார். மைனி ஈரத்துணியால் துடைத்தெடுத்தாள். பிறகு விரலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு, நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு என்று தடவி, துணியால் ஒற்றினாள். பர்ஸ் ஒட்டி முடித்ததும் கடைசியாகத் தோலுக்கு எண்ணெய் காட்டுவாள், அதே விரல், அதே அளவு.

"என்னயத் தோலுன்னு நெனச்சிட்டியா?"

"தோலுதான. பேசாம இருங்க. கறுப்புக்குப் பவுடரு சாம்பலு. மினுக்கந்தான் வெளிச்சம்."

கேமராவை ஸ்டூலுக்கு ஆறடி தள்ளி, பசை டின்கள்மேல் வைத்தேன். உள்வெளிச்சம் என்பதால் மூடியைத் திறந்து ஒரு விநாடி பிடிக்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. அந்த ஒரு விநாடி ஆடக்கூடாது. மைனி தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், நாடியைத் தொட்டாள், நூல் அளவு திருப்பினாள். மூக்கு நிழல் கன்னத்தில் மங்கலாக, உதட்டுக்கு எட்டாமல் நின்றது. இரண்டு கண்ணிலும் வாசல் ஒரு வெள்ளைப் பொட்டாக விழுந்திருந்தது.

"எச்சி முழுங்காதிய," என்றாள்.

ஒரு விநாடி. தோல் ஷெட்டில் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

தாதர் கடையில் தலையை மட்டும் பெரிதாக்கித் தரச்சொன்னேன். புதன்கிழமை வாங்கிவந்தேன். வியாழனோடு கெடு முடிகிறது. மைனி முதலில் வாங்கவில்லை. "அவர்ட்ட குடுங்க" என்றாள்.

அண்ணன் வாங்கிப் பார்த்தார். தழும்புகள் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் அவை முகத்தின்மேல் உட்கார்ந்திருக்கவில்லை, முகத்துக்குள் இருந்தன. அவற்றுக்கு நடுவே இரண்டு கண், கொஞ்சம் கோபம், கொஞ்சம் வெட்கம். சிரிக்கலாமா என்று யோசிக்கிற ஒரு வாய்.

குப்புறப் போடவில்லை. நல்லாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை. சட்டைப்பையில் வைத்தார், மாதுங்கா படத்தோடு சேர்த்து.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்தவரை மைனி வாசலிலேயே மறித்தாள். நானும் நின்றேன்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"பாத்தானா?"

"பாத்தான். படத்தப் பாத்தான், என்னயப் பாத்தான், குத்துனான்." முத்திரை குத்துவதுபோலக் கையைக் காட்டினார். குரலில் சின்ன ஏமாற்றம். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று எதிர்பார்த்திருப்பார்போல. "நல்லாருக்குன்னும் சொல்லல, நல்லால்லன்னும் சொல்லல."

"அதான வேணும்," என்றாள் மைனி. உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைக்குப் போகிற எங்கள் ஆட்கள் பலர் மைனி வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அதே வாசல், அதே தட்டு, அதே இரவல் தோல். நான் மூடியைத் திறந்து மூடினேன், மற்றதெல்லாம் அவள். நிறையக் கெடுத்தோம். மேகம் வந்த நாளில் கெட்டது, தட்டை ரொம்பக் கிட்டே பிடித்துக் கெட்டது. ஒருநாள் சிவப்புச் சேலை கட்டிய ஒருத்தி வாசலில் வந்து நின்றதில் ஏன் என்றே தெரியாமல் கெட்டது. கெட்ட படத்தை மைனி கிழிக்கமாட்டாள். கீறல் தோலைப்போலத் தனியே அடுக்கி வைத்துக்கொள்வாள். அவள் முகத்தை மட்டும் எடுக்கவே விடவில்லை. "தட்ட யாரு புடிப்பா?" என்பாள்.

இரண்டு வருஷத்தில் அவர்கள் செம்பூருக்குப் போய்விட்டார்கள். கோலி என்று பம்பாய்க்காரர்கள் சொல்கிற ஒற்றை அறை, ஆனால் சிமெண்டுத் தரை, சொந்தக் குழாய். ஒரு சாயங்காலம் பார்க்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த மாதுங்காப் படம். பாதாம் பருப்பு. சட்டத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூ.

"மைனி, இதையா மாட்டினீங்க?"

"நாந்தான் மாட்டினேன். அவருக்கு ஆசையா இருக்கு." முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "வாரவுக எல்லாரும் தம்பியான்னு கேக்காவ. ஆமாம்பாரு. அவருக்கு ஒரு சந்தோசம்."

"நம்ம படம்?"

"அது கார்டுல இருக்குல்லா. தெனமும் கேட்டுல காட்டுதாரு."

இவ்வளவு பாடுபட்டது இதற்கா என்று தோன்றியது. சின்ன வயது, கோபம் சீக்கிரம் வரும். தேநீரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொழிற்சாலைச் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார்.

வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். சட்டைப்பையில் கார்டு பாதி வெளியே தெரிந்தது. மைனி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். நாடியைப் பிடித்தாள். வெளியே மிச்சமிருந்த வானத்தின் பக்கமாக அவர் முகத்தைத் திருப்பினாள். நூல் அளவு. அவர் பழகிப்போனவர்போலக் கண்ணைச் சுருக்காமல், தழும்பு முகத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு நின்றார். எச்சில்கூட விழுங்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு விநாடி இருக்கும்.

"சரி," என்றாள் மைனி. "கைகால் களுவிட்டு வாங்க. தம்பி வந்திருக்காரு."